தள்ளுபடியும் காரணமும்: பிழைச்செய்தியைச் சோதிப்பது குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

‘காளப்பநாயக்கன்பட்டி’ என்கிற சொல்லில் எழுத்துகள் மட்டும்தான் இருக்கின்றனவா என்று பைத்தான் நிரல்மொழியிடம் கேட்டால் ‘இல்லை’ என்று பதில் வருகிறது. இப்படிக் கேட்பதற்கென்றே அந்த மொழியில் ஒரு கட்டளை உண்டு. ‘இஸ்ஆல்ஃபா’ என்று பெயர். ‘தமிழ்’ என்று கொடுத்துப் பார்த்தாலும் இல்லை. ‘அம்மா’ இல்லை. ‘கொல்லிமலை’ இல்லை. ‘உலக’ என்று பாதியில் நிறுத்தினால் ஆமாம் என்கிறது. ‘நரக’ என்றாலும் ஆமாம்.

விஷயம் இவ்வளவுதான். யூனிகோட் அட்டவணையில் ‘க’ என்பது எழுத்து. அதோடு சேரும் காலும் கொம்பும் சுழியும் தலைமேல் வைக்கிற புள்ளியும் எழுத்தல்ல, ‘குறி’. இஸ்ஆல்ஃபா அந்த வகைப்பாட்டைப் பார்த்துப் பதில் சொல்கிறது. ஒரேயொரு குறி தட்டுப்பட்டாலும் முழுச் சொல்லும் தோற்றது. நமக்குத் தெரிந்த இலக்கணத்தில் ‘ப்’ என்கிற மெய்தான் முதல். ‘ப’ அதன்மேல் உயிர் ஏறிப் பிறந்தது. அட்டவணையில் இது தலைகீழ். ‘ப’ மூலம், ‘ப்’ அதன் ஊனம். ஊர்ப்பெயரை நாம் எண்ணினால் 12 எழுத்து. கணினி எண்ணினால் 19, அதில் 7 குறிகள். (ரோமன் எழுத்தில் வழக்கமாக எழுதும்போதும் 19தான் வருகிறது, அந்த 19க்கு ஆமாம் என்று பதில் கிடைக்கிறது.) தேடுகுறித் தொகுதியில் ‘சொல்லுக்குரிய எழுத்து’ என்பதற்குள்ள அடையாளத்திலும் இதே கோளாறு இருப்பதை 2011இல் டாம் கிறிஸ்டியன்சன் பைத்தான்காரர்களிடம் முறையாக எடுத்துவைத்தார். யூனிகோட் அமைப்பின் சொந்தப் பரிந்துரைக்கே அது முரணானது என்பது அவர் வாதம்.

இதைக் குறியேற்ற அரசியல் என்று மட்டும் வாசித்துவிட்டால், 1999இன் தமிழிணையம் மாநாட்டில் தொடங்கி 2010இல் அரசாணையாக முடிந்த பழைய சண்டையை மறுபடி போட வேண்டியதுதான். அது என் நோக்கமல்ல. குறியேற்றம் இப்படித்தான் இருக்கிறது என்று தெரிந்த பிறகும், ஒரு படிவம் நம் பெயரைத் தள்ளும்போது ஏன் தள்ளியது என்பதை யாருமே பார்க்காமல் போவது எப்படி நடக்கிறது? நான் பேச வந்தது இதைத்தான். நான் இந்த ஊர்க்காரன், பைத்தான் எழுதிப் பிழைப்பவன். ஆகவே கொஞ்சம் தொழில் பேச வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்க.

கணினியில் ஒரு விண்ணப்பப் படிவம் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். பெயர், ஊர், வயது. ஒவ்வொரு கட்டத்துக்கும் நிரல் எழுதுபவர் விதிகள் வைக்கிறார்: ஊர்ப்பெயரில் எழுத்துகள் மட்டும் இருக்க வேண்டும், 40 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. இதற்கு உள்ளீட்டுச் சரிபார்ப்பு என்று பெயர். விதியை மீறினால் நிரல் ஓட்டத்தை நிறுத்திக் கூச்சல் போடுகிறது. அதுதான் ‘எக்ஸெப்ஷன்’. தமிழில் ‘விதிவிலக்கு’ என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை, நம் வழக்கில் விதிவிலக்கு என்பது வேண்டியவருக்குக் காட்டும் சலுகை. பைத்தானில் மதிப்பு சரியில்லை என்று போடும் கூச்சலுக்கு ‘வேல்யூஎரர்’ என்று பெயர். கூச்சலுக்கு ஒரு வகையும் உண்டு, கூடவே ஒரு வாசகமும் உண்டு. வகை: வேல்யூஎரர். வாசகம்: ‘ஊர்ப்பெயர் 40 எழுத்துக்கு மேல் போகக்கூடாது’.

இந்த விதிகள் வேலை செய்கின்றனவா என்று பார்க்க இன்னொரு நிரல் எழுதுவார்கள். அது சோதனை. வேண்டுமென்றே தப்பான உள்ளீட்டைக் கொடுத்து, கூச்சல் வருகிறதா என்று பார்க்கும். வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. நீள விதியைச் சோதிக்க ‘காளப்பநாயக்கன்பட்டி’யை மூன்று முறை ஒட்டிக் கொடுக்கிறோம்: 57 அலகு. வேல்யூஎரர் வருகிறது. பச்சை. எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

ஆனால் அங்கே நடந்தது என்ன? எழுத்து விதி முதலில் நிற்கிறது. முதல் எழுத்தான ‘கா’விலேயே குறி இருப்பதால் ஊர்ப்பெயர் அங்கேயே விழுந்துவிட்டது. நீள விதிக்கு ஆட்டமே போகவில்லை. நீள விதியை எழுதியிருக்கும் வரியை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள், அப்போதும் பச்சைதான். இல்லாத விதிக்கு இந்தச் சோதனை சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதைவிட மோசம், தமிழில் எழுதிய ஏறக்குறைய எல்லாப் பெயரையும் இந்தப் படிவம் தள்ளப்போகிறது என்கிற செய்தி அந்தப் பச்சைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. கூச்சலின் வாசகத்தை ஒரு தடவை ஒப்பிட்டிருந்தால் ‘நீளம்’ என்று எதிர்பார்த்த இடத்தில் ‘எழுத்துகள் மட்டும்’ என்று வந்து சோதனை சிவந்திருக்கும்.

சரியான தமிழ்ப்பெயர் ஒன்றைக் கொடுத்து அது ஏற்கப்படுகிறதா என்று பார்த்திருந்தாலும் தெரிந்திருக்குமே என்று கேட்கலாம். நியாயம். அதுவும் எழுத வேண்டிய சோதனைதான். நடைமுறை என்னவென்றால், ‘நல்ல’ உள்ளீட்டுக்கு எழுதுபவரின் விரலுக்கு வருவது ஜான், மேரி, அல்லது ரோமன் எழுத்தில் நம்ம ஊர் குமார். தமிழ் எழுத்து சோதனைக்குள் வரும்போதே வித்தியாசமான ஆளாக, ‘கெட்ட’ உள்ளீட்டின் வரிசையில்தான் வருகிறது. பூக்கோவை இழுக்காமலே இதைச் சொல்லிவிட முடியும் என்பதால் இழுக்கவில்லை.

‘அட, இதுக்கெல்லாம் எதுக்குய்யா வரலாறு?’ என்று கேட்பவர்களுக்கு: இந்த அலட்சியம் தனிநபர்களின் சோம்பல் அல்ல. கருவிகளுக்குள்ளேயே படிந்து கிடக்கிறது, அதற்கு ஆண்டும் தேதியும் உண்டு.

பழைய யூனிக்ஸில் பிழைக்கு வாசகம் கிடையாது. ஓர் எண் மட்டும் ஓரிடத்தில் எழுதி வைக்கப்படும், அந்த எண்ணுக்குரிய வாசகத்தை அட்டவணையில் பார்த்துச் சொல்வார்கள். அந்த அட்டவணையில் ‘தட்டச்சுப்பொறி அல்ல’ என்றொரு வாசகம். தட்டச்சு முனையத்துக்கு மட்டுமே சொல்லக்கூடிய கட்டளையை வேறெதற்கோ சொன்னால் வருவது. பிற்காலத்தில் மின்னஞ்சல் அனுப்பியவர்களுக்கு, பெறுபவர் அந்த முகவரியில் இல்லை என்பதற்குப் பதிலாக ‘தட்டச்சுப்பொறி அல்ல’ என்று கடிதம் திரும்பி வந்தது. நடந்தது இதுதான்: ஏதோ ஒரு நூலகச் செயல் முன்பு ‘இது முனையமா?’ என்று சும்மா கேட்டுப் பார்த்தபோது எழுதிவைத்த எண், அழிக்கப்படாமல் கிடந்தது. பின்னால் வேறு காரணத்துக்காகத் தோற்றபோது நிரல் அந்தப் பழைய எண்ணை எடுத்து வாசித்தது. கடிதம் திரும்பியது சரி. சொன்ன காரணம் வேறு யாருடையதோ.

இதுபோன்ற எண்முறைகளுக்கு மாற்றாக வளர்ந்தது எக்ஸெப்ஷன் என்கிற கருத்து. 1975இல் ஜான் குட்எனஃப் எழுதிய கட்டுரை, பின் 1970களின் இறுதியில் பார்பரா லிஸ்கோவ் குழுவினரின் சிஎல்யூ மொழி, பிறகு மாடுலா-3. அந்த மாடுலா-3இடமிருந்துதான் கைடோ வான் ரோஸம் எடுத்துக்கொண்டார். 1989 டிசம்பரில் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கி 1991 பிப்ரவரியில் அவர் வெளியிட்ட முதல் பைத்தானிலேயே எக்ஸெப்ஷன் இருந்தது. அப்போது அது வெறும் சரம், அதாவது எழுத்துத் தொடர். வாசகமே வகை! ஆனால் பிடிக்கும்போது எழுத்துக்கு எழுத்து ஒப்பிடமாட்டார்கள்; அதே பொருள்தானா என்று பார்ப்பார்கள். இரண்டு இடத்தில் ஒரே வாசகத்தை எழுதினால் அவை இரண்டு வேறு எக்ஸெப்ஷன்களாகவும் ஆகலாம். 1997 கடைசி நாளில் வந்த 1.5 பதிப்பில் மொழியின் சொந்த எக்ஸெப்ஷன்கள் வகுப்புகளாயின. வகை தனி, வாசகம் தனி. சரத்தை வீசும் வழக்கம் 2008இன் 2.6 பதிப்போடு ஒழிந்தது.

இந்தப் பிரிவினையில் வாசகம் இரண்டாம்தரக் குடியாகிப்போனது. 2006இல் வந்த 2.5 பதிப்பில் எல்லா எக்ஸெப்ஷனுக்கும் ‘மெசேஜ்’ என்று ஓர் உறுப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். அடுத்த பதிப்பிலேயே அதை வேண்டாமென்று அறிவித்து, 3.0இல் எடுத்தும்விட்டார்கள். இரண்டே ஆண்டு ஆயுசு. வாசகம் வேண்டுமென்றால் எக்ஸெப்ஷனைச் சரமாக மாற்றிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

சோதனைக் கருவிகளின் கதை இதைவிடச் சுவையானது. 2001இல் வந்த 2.1 பதிப்பில் இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் மொழிக்குள் நுழைந்தன. ஒன்று டிம் பீட்டர்ஸின் ‘டாக்டெஸ்ட்’. இன்னொன்று ஸ்டீவ் பர்செல் எழுதிய ‘யூனிட்டெஸ்ட்’, ஸ்மால்டாக்கிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் கெண்ட் பெக்கின் வழியில் வந்தது. டாக்டெஸ்ட் பிழையின் வகையையும் வாசகத்தையும் எழுத்து பிசகாமல் ஒப்பிட்டது. யூனிட்டெஸ்டின் ‘அசெர்ட்ரெய்ஸஸ்’ வகையை மட்டும் பார்த்தது. ஒன்று புள்ளி கமாவுக்கும் சண்டை பிடிக்கிற ஆள், இன்னொன்று காரணமே கேட்காத ஆள். தொழில் உலகம் யார் பக்கம் போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. டாக்டெஸ்டுக்கும்கூட 2004இல் வாசகத்தைக் கண்டுகொள்ளாமல் விடும் ஒரு விருப்பத் தெரிவைச் சேர்த்தார்கள். யூனிட்டெஸ்டில் வாசகத்தை ஒப்பிடும் வசதி 3.1 பதிப்பில், 2009இல்தான் வருகிறது. நடுவில் எட்டு ஆண்டுகள். ஒப்பிட விரும்பியவர் எக்ஸெப்ஷனைத் தானே பிடித்துத் தானே பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. யார் செய்வார்கள்?

பைடெஸ்ட் என்கிற கருவியில் நடந்ததை ஒரு சிறுகதையாகவே எழுதலாம். அதன் ‘ரெய்ஸஸ்’ கட்டளைக்கு ‘மெசேஜ்’ என்று ஒரு வாய்ப்பு இருந்தது. பலரும் அதில் எதிர்பார்க்கும் வாசகத்தை எழுதி, வாசகம் சோதிக்கப்படுகிறது என்று நம்பினார்கள். உண்மையில் அது, கூச்சலே வராமல் போனால் சோதனைக்காரரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதற்கான வாசகம். உள்ளே என்ன எழுதினாலும், கூச்சல் என்று ஒன்று வந்துவிட்டால் பச்சை. உண்மையிலேயே ஒப்பிடும் ‘மேட்ச்’ 2017இல் 3.1 பதிப்பில் வந்தது. 2019 தொடக்கத்தில், 4.1இல், ‘மெசேஜை’ப் பயன்படுத்தாதீர்கள் என்று எச்சரித்தார்கள், இப்படித் தப்பாகப் புரிந்துகொள்வது சகஜமாகிவிட்டது என்று அவர்களே ஆவணத்தில் ஒத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு 5.0இல் நீக்கிவிட்டார்கள். அதுவரை காரணத்தைக் கேட்டதாக நினைத்துக்கொண்டு கேட்காமலே இருந்த சோதனைகள் எத்தனையோ.

தமிழோடு இது உரசும் இடம் இன்னும் ஒன்று உண்டு. பைத்தானில் எழுத்துக் குறியேற்றம் பிசகும்போது வருகிற யூனிகோட் பிழைகள் எல்லாம் வேல்யூஎரரின் வாரிசுகள். 2020 தொடக்கத்தில் பராமரிப்பு முடிவுக்கு வந்த இரண்டாம் வரிசைப் பைத்தானில் தமிழ்ச் சரத்தோடு மல்லுக்கட்டியவர்களுக்கு அந்தப் பிழை நன்றாக ஞாபகம் இருக்கும்: ஆஸ்கி முறையில் இந்த பைட்டைப் படிக்க முடியவில்லை. ‘தப்பான பெயர் கொடுத்தால் வேல்யூஎரர் வர வேண்டும்’ என்கிற சோதனைக்குத் தமிழ்ப்பெயர் கொடுத்தால், நிரல் அந்தப் பெயரைப் படிக்கக்கூட இல்லாமல் பிழை எறியும்; சோதனை அதையும் பச்சை என்று எழுதிக்கொள்ளும். மனுவைப் பிரித்தே பார்க்காமல் ‘பரிசீலித்து நிராகரிக்கப்பட்டது’ என்று முத்திரை குத்துவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

முத்திரை என்றதும், கணினிக்கு முன்பே நமக்குத் தெரிந்த இடத்துக்கு வந்துவிட்டோம். காரணம் சொல்லாத தள்ளுபடியை எதிர்த்த சண்டை இந்த நாட்டில் பழசு. 1977 ஜூலையில் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை அரசு முடக்கியது. காரணம் கேட்டதற்கு, பொதுநலன் கருதிக் காரணம் தர இயலாது என்று பதில். வாசகம் இல்லாத எக்ஸெப்ஷன். அந்த வழக்கின் தீர்ப்பு 1978 ஜனவரி 25இல் வருகிறது. அதற்கு எட்டு வாரம் முன்பு, 1977 டிசம்பர் 2இல், மொகிந்தர் சிங் கில் வழக்கில் உச்சநீதிமன்றம் இன்னொன்று சொன்னது, எழுதியவர் கிருஷ்ணய்யர். பஞ்சாபின் ஃபிரோஸ்பூர் தொகுதித் தேர்தலை ரத்து செய்த ஆணை பற்றிய வழக்கு அது. ஓர் அதிகாரி ஆணையில் என்ன காரணம் எழுதினாரோ அதை வைத்துத்தான் அந்த ஆணை செல்லுமா என்று பார்க்க வேண்டும். பிறகு நீதிமன்றத்துக்கு வந்து பிரமாண வாக்குமூலத்தில் புதுக்காரணங்களைச் சேர்த்து அதைக் காப்பாற்ற முடியாது. நான் மேலே சொன்ன சோதனை விஷயமும் இதேதான். முடிவு சரியாக இருக்கிறது, ஆகவே காரணம் எதுவானால் என்ன என்று சொல்ல முடியாது. சொன்ன காரணத்தால் அந்த முடிவு நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

இதை மலைமேல் கொண்டுபோய்ப் பார்க்கலாம். காளப்பநாயக்கன்பட்டியைத் தாண்டிக் காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறினால் கொல்லிமலை. அங்கே வாழ்பவர்கள் மலையாளி என்னும் பழங்குடிகள். மலையை ஆள்பவர் என்று பொருள் சொல்வார்கள். கேரளத்து மலையாளிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெயரை மட்டும் ஒப்பிடும் எந்தச் சரிபார்ப்புக்கும் இதுவே முதல் கண்ணி. இரண்டாவது கண்ணி மாவட்டம். பழங்குடிப் பட்டியலைத் திருத்திய 1976ஆம் ஆண்டுச் சட்டத்தில் தமிழ்நாட்டு மலையாளிகளுக்கு அடைப்புக்குள் ஓர் எல்லை போட்டார்கள்: தர்மபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் மட்டும். இதில் நாமக்கல் இல்லை. ஏனென்றால் நாமக்கல் மாவட்டம் 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து பிறந்தது. சட்டம் சொன்ன சேலத்துக்குள் கொல்லிமலை இருந்ததால் இங்குள்ளவர்கள் உரிமை போகவில்லை. ஆனால் மாவட்டப் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு நிரலை எழுதினால் கொல்லிமலை முழுவதும் அதில் விழும், வேல்யூஎரரோடு. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் உள்ள மலையாளிகளின் நிலைமை வேறு. பட்டியல் எழுதப்பட்டபோது அந்த மலை கோவை மாவட்டம். கோவை அந்த அடைப்புக்குள் இல்லை. ஒரே பெயர், ஒரே மாதிரி வாழ்க்கை, பட்டியலுக்கு வெளியே. பத்தாண்டுக் கணக்கில் அவர்கள் கேட்டுக் கேட்டு அலைந்தார்கள்.

மூன்று பேர் விண்ணப்பித்து மூவருக்கும் ‘தகுதியில்லை’ என்று வருவதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் கேரளத்துக்காரர். ஒருவர் கொல்லிமலைக்காரர், ‘நாமக்கல்’ என்கிற சொல்லால் விழுந்தவர். ஒருவர் பர்கூர்க்காரர். முதலாமவர் அப்பீல் போவதில் பயனில்லை. இரண்டாமவர் நிரலைத் திருத்தச் சொன்னால் போதும், ஒரு மனு. மூன்றாமவருக்குத் தாலுகா ஆபீசிலோ கோட்டாட்சியரிடமோ நீதிமன்றத்திலோ கேட்டு ஒன்றும் ஆகாது. பட்டியலை நாடாளுமன்றம்தான் மாற்ற முடியும், நீதிமன்றம் அதற்குள் வார்த்தை சேர்க்காது என்று 2000இல் மிலிந்த் வழக்கில் உறுதிப்பட்டுவிட்டது. மூவரும் எங்கே போய்ச் சண்டை போட வேண்டும் என்பது காரணத்தில் இருக்கிறது. ‘ஆகாதுன்னா ஆகாதுங்க’ என்று மூவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தால், இரண்டாமவர் தன்னை முதலாமவர் என்று நினைத்து வீட்டுக்குப் போய்விடுவார். 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் 7(8) பிரிவை இயக்கத் தோழர்கள் அறிவார்கள்: மனுவைத் தள்ளினால் காரணம், மேல்முறையீட்டுக்கான கெடு, மேல்முறையீட்டு அதிகாரி யார், மூன்றையும் எழுதித் தர வேண்டும். பிழைச்செய்தி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல இலக்கணத்தை எந்த நிரல் நூலிலும் நான் பார்க்கவில்லை.

எதிர்வாதங்கள் உண்டு. வாசகத்தைச் சோதித்தால் சோதனை நொய்ந்துபோகும், ஒரு கமாவை மாற்றினாலும் சிவக்கும் என்பார்கள். பைத்தானின் சொந்த வாசகங்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறுபவைதான். அவற்றை வரிக்கு வரி ஒப்பிடுவது வெட்டிவேலை. நான் செய்வது வேறு. எந்தக் கட்டம், எந்த விதி, இந்த இரண்டு சொல் வாசகத்தில் இருக்கின்றனவா என்று மட்டும் பார்ப்பேன். ‘ஊர்’, ‘நீளம்’. பைடெஸ்டின் ‘மேட்ச்’ தேடுகுறியாக, வாசகத்தின் எந்த இடத்திலும் தேடுவதால் இது சுலபம். ஆனால் அதில் புள்ளி என்றால் எந்த எழுத்துக்கும் பொருந்தும், அடைப்புக்குறிக்கும் தனி அர்த்தம் உண்டு. வாசகத்தை அப்படியே ஒட்டுபவர் ‘ரீஎஸ்கேப்’ வழியாக அனுப்ப வேண்டும். இதைவிட உறுதியான வழி, ஒவ்வொரு விதிக்கும் வேல்யூஎரரின் கீழ் தனித்தனி வகையை உண்டாக்கி, விதியின் பெயரை உறுப்பாக வைத்து அதைச் சோதிப்பது. அப்போது வாசகத்தைத் தமிழில் எழுதலாம், ஆங்கிலத்தில் எழுதலாம், நாளைக்கு நல்ல தமிழில் திருத்தலாம், சோதனை அசையாது. பெரிய அமைப்பு என்றால் இதையே செய்வேன். இருபது வரி நிரலுக்கு இரண்டு சொல் போதும்.

கடவுச்சொல் பக்கம் காரணத்தை முழுக்கச் சொல்லக்கூடாது என்பதும் சரியே. ‘அப்படி ஒரு பயனரே இல்லை’ என்று சொன்னால் யார் இருக்கிறார்கள் என்பதைத் திருடன் தெரிந்துகொள்வான். அங்கேயும் உள்ளே எழுதும் காரணம் வேறு, வெளியே காட்டும் காரணம் வேறு. சோதனை இரண்டையும் பார்க்க வேண்டும். பொதுநலன் என்கிற சாக்கை எல்லாப் படிவத்துக்கும் நீட்டுவதுதான் தப்பு.

என் சோதனைத் தொகுப்பில் வயதுக் கட்டத்துக்கு ஒரு உள்ளீடு வைத்திருக்கிறேன். ‘௧௨’ என்று தமிழ் இலக்கத்தில் கொடுத்தால் பைத்தான் அதை 12 என்று சரியாகவே படித்துக்கொள்கிறது. பழைய முறையில் பத்துக்குரிய குறியோடு ‘௰௨’ என்று எழுதினால் தள்ளுகிறது. பைத்தானுக்கு ௰ இலக்கம் அல்ல. தள்ளுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, அந்த முறையைப் படிக்க நிரலில் யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் வருகிற வாசகம் ‘இது எண் அல்ல’. அது எண்தான். ‘இந்த எண்முறை இங்கே ஏற்கப்படவில்லை’ என்கிற வாசகத்தை எதிர்பார்த்து அந்தச் சோதனையை எழுதினேன். சிவப்பாகவே நிற்கிறது.